அழுவதற்கு ஓர் அவை: பயங்கரவாதத்துக்குப் பின் கலைகள் செய்வதும் செய்ய இயலாததும்

1998ஆம் ஆண்டு பிப்ரவரி 14, சனிக்கிழமை. அன்று பிற்பகல் தொடங்கி கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரம், காந்திபுரம், உக்கடம், ரயில் நிலையம் எனப் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் உயிரிழந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதியும் சனிக்கிழமைதான். வட அயர்லாந்தில் ஓமா என்னும் சிறிய சந்தை நகரத்தின் கடைத்தெருவில், பிற்பகல் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தப்பட்டிருந்த கார் ஒன்றில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தனர். இரு ஊர்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இரண்டு சமூகங்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர்கள் என்ற வகையில் இரண்டும் ஒத்தவை. அந்தப் பிற்பகலுக்குப் பின்னர் துயரத்தை அவை கையாண்ட முறையில்தான் பெரிதும் வேறுபடுகின்றன. பயங்கரவாதத்துக்குப் பின் கலைகளால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு விடை தேட, பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்த வேறுபாடே போதுமான தொடக்கம்.

ஓமாவில் அந்த ஆண்டே டேரில் சிம்ப்சன் என்ற இசைஞர் கத்தோலிக்கக் குடும்பங்களையும் புராட்டஸ்டன்ட் குடும்பங்களையும் சேர்ந்த இளையவர்களை ஒரே பாடகர் குழுவாகச் சேர்த்தார். மதவாரியாகப் பிரிந்த பள்ளிகளில் படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு, வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி ஒரே சுருதியில் நிற்க வேண்டியிருந்ததே முதல் மாற்றம். கரோல் கேன் என்ற ஓவியக் கலைஞர், வெடித்த இடத்தில் மக்கள் குவித்திருந்த அஞ்சலி மலர்கள் அழுகிக் குப்பைக்குப் போவதைத் தடுத்து, ஊராரோடு அமர்ந்து அவற்றைக் கூழாக்கிக் காகிதமாகச் செய்தார். அந்தக் காகிதத்தில் உருவான படங்கள் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் ஒரு பெரிய கண்ணாடி ஒளியை 31 சிறிய கண்ணாடிகளின் மீது வீழ்த்துகிறது. இறந்த 29 பேருக்கும், அவர்களில் ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்த இரட்டைக் குழந்தைகளுக்குமாக 31. அங்கிருந்து ஒளி தெருவைக் கடந்து, குண்டு வெடித்த இடத்தில் நிற்கும் கண்ணாடித் தூணுக்குள் போய்ச் சேர்கிறது.

கோவையின் கதை அந்தப் பிப்ரவரியில் தொடங்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1997 நவம்பர் இறுதியில், பணியில் இருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் உக்கடத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் மூண்ட கலவரத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் கும்பல் வன்முறையிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். குண்டுவெடிப்பு வழக்கில் தீர்ப்பு வர 2007 வரை ஆனது. இப்போது பிப்ரவரி 14 வந்தால் ஆர்.எஸ்.புரத்தில் கட்சிகளும் அமைப்புகளும் மலர் தூவுகின்றன, காவல்துறை பாதுகாப்பை அதிகரிக்கிறது, செய்தித்தாள்கள் படம் போடுகின்றன. நவம்பர் மாதத்து இறந்தவர்களை அவர்களது தெருக்கள் தனியாக நினைத்துக்கொள்கின்றன. ஒரே ஊரின் இரண்டு துயரங்கள், இரண்டு நாட்காட்டிகளில். ஊர் முழுவதும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு, சேர்ந்து பார்த்த ஒரு கூத்து, சேர்ந்து செய்த ஒரு பொருள் என்று கோவையின் பொது நினைவில் நிலைத்த எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்பதே என் கணிப்பு. கலைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, கலை இத்தகைய நேரத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வன்முறையைக் கண்ணால் கண்டவர்களின் நினைவு பெரும்பாலும் கோவையான கதையாக இருப்பதில்லை. ஓர் ஓசை, ஒரு நெடி, ஒரு செருப்பு என்று துண்டு துண்டாக, அழையாமலே திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சொற்களில் சொல்லச் சொன்னால் பலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு காலத்தில், பேரிடர் நடந்த ஓரிரு நாட்களுக்குள்ளேயே பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் விவரமாகச் சொல்லவைப்பது மேலைநாடுகளில் வழக்கமாக இருந்தது. அது நன்மை செய்வதற்கான சான்று கிடைக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் விளைவிக்கலாம் என்று ஆய்வுகள் காட்டிய பின்னர், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்கள் 2005இல் அதைச் செய்ய வேண்டாம் என்றே கூறின. 2007இல் ஸ்டீவன் ஹோப்ஃபோல் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, பெருந்திரள் வன்முறைக்குப் பின் மக்களுக்குத் தேவைப்படும் ஐந்தை வரையறுத்தது: பாதுகாப்புணர்வு, மன அமைதி, நம்மாலும் நம் ஊராலும் ஏதாவது செய்ய முடியும் என்ற தெம்பு, பிறரோடு தொடர்பு, நம்பிக்கை. ‘நடந்ததைச் சொல்லித் தீர்ப்பது’ இந்த ஐந்தில் இல்லை.

கலையின் இடம் இங்கேதான் புலப்படுகிறது. பாடகர் குழுவில் நிற்பவர் தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மலர்க்கூழை அள்ளி அச்சில் ஊற்றுகிறவர் அழலாம், அழாமலும் இருக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்கலாம். கைக்கு வேலை இருக்கிறது, மூச்சுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது, அருகில் ஆள் இருக்கிறார். துயரத்தின் முன்னால் நேருக்கு நேராக நிற்காமல், அதன் பக்கவாட்டில் வந்து அமர்வதற்கான வழி இது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பெரியவர்களுக்கான பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதங்கள் ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவில் எல்லா வகுப்புகளிலும் நெருக்கம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் பாடியவர்கள் மிக விரைவாக அந்த நெருக்கத்தை அடைந்தார்கள். முன்பின் அறியாதவர்களைச் சேர்த்துவைப்பதில் பாட்டுக்கு இருந்த வேகம் கைவினைக்கும் எழுத்துக்கும் இல்லை என்று கொள்ளலாம். ஊர் அச்சத்தில் கதவடைத்துக்கொள்ளும் முதல் வாரங்களில் அந்த வேகத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

பயங்கரவாதம் தாக்குவது உடல்களை மட்டுமன்று. அறிமுகமில்லாத மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பி ஓரிடத்தில் கூடும் பழக்கத்தையே அது குறிவைக்கிறது. சந்தை, ரயில், வழிபாட்டிடம் ஆகியவற்றோடு கலை அரங்குகளும் திரும்பத் திரும்ப இலக்காவதற்கு இதுவே காரணம். 2007 ஆகஸ்ட் 25 அன்று ஹைதராபாத் லும்பினி பூங்காவில் வெடித்த குண்டு, லேசர் ஒளிக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே வைக்கப்பட்டது. அதே மாலையில் சாட் கடை ஒன்றிலும் வெடித்து, இரண்டிலுமாக 42 பேர் இறந்தனர். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் கொல்லப்பட்ட 130 பேரில் 90 பேர் பத்தாக்ளான் இசையரங்கில் இருந்தவர்கள். அந்த அரங்கு ஓராண்டு நிறைவுக்கு முந்தைய நாள் ஸ்டிங்கின் கச்சேரியோடு மீண்டும் திறந்தது. மூடியே வைப்பதுதான் மரியாதை என்று கருதியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் மக்கள் கூடியதற்காகத் தாக்கப்பட்ட இடத்தில் மீண்டும் கூடுவதைவிடத் தெளிவான மறுமொழி வேறு எது இருக்க முடியும்?

மான்செஸ்டர் இதை இன்னும் விரைவாகச் செய்தது. 2017 மே 22 அன்று பாடகி அரியானா கிராண்டேயின் இசை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் தற்கொலைக் குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தனர். அவர்களில் சிறுவர் சிறுமியர் பலர். சில நாட்களில் நகரச் சதுக்கத்தில் மௌன அஞ்சலி முடிந்த கணத்தில், கூட்டத்திலிருந்த ஒரு பெண், அந்த ஊர் இசைக்குழு ஒன்றின் பழைய பாடலைத் தனியாகப் பாடத் தொடங்க, சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். யாரும் ஏற்பாடு செய்யாத அந்தப் பாட்டு உலகெங்கும் பார்க்கப்பட்டது. இரண்டே வாரத்துக்குள், ஜூன் 4 அன்று, அரியானா கிராண்டே திரும்பிவந்து ஏறத்தாழ 55,000 பேர் கூடிய நிதி திரட்டும் கச்சேரியை நடத்தினார். இந்த இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வெளிச்சம் படாத இன்னொன்று: தாக்குதலில் தப்பியவர்கள் தங்களுக்கென ஒரு பாடகர் குழுவை அமைத்துத் தொடர்ந்து கூடினார்கள். பெரிய மேடையின் விளக்குகள் அணைந்த பின்னரும் பல மாதங்கள் நீள்வது துயரம். அதற்கு ஒரே இரவின் கச்சேரி போதாது. திரும்பத் திரும்பச் செய்யப்படும் ஏதாவது வேண்டும்.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஆஸ்லோவில் குண்டு வைத்தும் உத்தொயா தீவில் இளைஞர் முகாமில் சுட்டும் 77 பேரைக் கொன்றவன், மறு ஆண்டு நீதிமன்றத்தில், நார்வேக் குழந்தைகள் பள்ளியில் பாடும் ஒரு பாடலைச் சுட்டி, பல பண்பாட்டு வாழ்வை மூளைக்குள் திணிக்கும் பாடல் அது என்று இகழ்ந்தான். 2012 ஏப்ரல் 26 அன்று கொட்டும் மழையில் ஏறத்தாழ 40,000 பேர் நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள சதுக்கத்தில் கூடி அந்தப் பாடலையே பாடிவிட்டு, நீதிமன்ற வாசலுக்கு நடந்துபோய் ரோஜாக்களை வைத்தார்கள். அந்த மக்கள் புதிதாக ஒரு பாட்டு எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் வாயில் இருந்த பாட்டு அது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோதும், மாணவர்கள் தெருவில் நின்று ஆடியது மாவோரி மக்களின் மரபான ஹக்கா ஆட்டத்தைத்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். தன் மண்ணின் மிகப் பழைய, மிக மதிப்புக்குரிய இரங்கல் வடிவத்தை அவர்களுக்காக ஆடியதன் பொருள், அவர்களை அந்த மண்ணின் இறந்தவர்களாக ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் நம் பக்கம் என்ன வடிவங்கள் இருக்கின்றன? இல்லாமல் இல்லை, நிறைந்து கிடக்கின்றன. தொண்டை மண்டலத்தில், திருவள்ளூர் தொடங்கி ஆந்திரத்தின் சித்தூர், குப்பம் பகுதிகள் வரை, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பல இரவுகள் நடக்கிறது. அதில் இடம்பெறும் கர்ண மோட்சத்தை, ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் கருமாதிச் சடங்கின் பகுதியாக இரவு முழுக்க ஆடச் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. தன் வீட்டில் இறந்தவருக்காக அழ முடியாமல் உறைந்துபோனவர், குந்தி கர்ணனை மடியில் கிடத்தி அழும்போது சேர்ந்து அழுதுவிடுகிறார். மேலைநாட்டு உளவியலாளர் பக்கவாட்டுப் பாதை என்று சொல்லக்கூடியதை நம் கூத்தாடிகள் விடிய விடிய ஆடியே காட்டிவந்திருக்கிறார்கள்.

கொங்குப் பகுதிக்கு இதைவிட நெருக்கமானது, பொன்னர், சங்கர் என்ற உடன்பிறந்தாரைப் பாடும் அண்ணன்மார் கதையின் படுகளம். உடுக்கடித்துப் பாடும் பாடகர்கள் பல இரவுகள் கதை சொல்லி வர, மணப்பாறைக்கு அருகேயுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்கின் அண்ணன்மார் கோயில்கள் பலவற்றிலும், போரில் இறந்த வீரர்களாக ஆட்கள் அருள் வந்து மண்ணில் விழுந்து கிடப்பார்கள். பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். பின்னர் தங்கை தங்காள் நீர் தெளித்து அவர்களை எழுப்பும் சடங்கு நடக்கும். திடீர்ச் சாவு, அழுகை, மீண்டு எழுதல் ஆகிய மூன்றும் ஊரறியத் திறந்த வெளியில் நிகழ்கின்றன. ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அண்ணன்மார் கதையில் எதிரிகள் உண்டு, அந்த எதிரிகளின் வழியினர் என்று கருதப்படுவோர் இன்றும் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள். அந்தக் கதை சாதிப் பெருமைக்குத் தீனியாகவும் பயன்பட்டிருக்கிறது. மரபுக் கலை என்பதாலேயே அது எல்லோரையும் ஆற்றிவிடாது. ஊருக்காகப் பறையடித்தும் ஒப்பாரி பாடியும் துயரத்தைச் சுமந்தவர்களை அதே ஊர் வெளியே நிறுத்தியிருந்ததும் இந்த மரபின் பகுதிதான்.

ஆயினும் இந்த எல்லை வட்டாரத்தின் இரண்டு கலைகளில், நான் சொல்ல வரும் பொருளுக்கு மிகத் தேவையான ஒரு பண்பு இருக்கிறது. முதலாவது தோல்பாவைக்கூத்து. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில், கூத்துமாடம் என்னும் நிரந்தர அரங்கில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் ஏற்றி, கேரளத்து மண்ணில் கம்பனின் தமிழ்ப் பாடல்களைப் பாடி நடத்தப்படும் கூத்து இது. தாரிகனை வதைத்துக்கொண்டிருந்ததால் இராம ராவணப் போரைக் காணத் தவறிய பத்ரகாளிக்காக நடத்தப்படுவது என்பது ஐதீகம். ஆகவே பார்க்க ஒருவரும் வராத இரவிலும் புலவர்கள் கூத்தை நிறுத்துவதில்லை. அந்தப் புலவர்கள் இராமனுக்காக மட்டும் பேசுவதில்லை. இராவணனின் வாதத்தையும் அதே தொண்டை முழு வலுவோடு பேசியாக வேண்டும். கம்பன் மண்டோதரியின் புலம்பலுக்குக் கொடுத்த இடம் நாமறிந்ததே. எதிரியின் மனைவிக்கும் அழ உரிமை உண்டு, அந்த அழுகையை நம் மொழியின் மிகச் சிறந்த சொற்களில்தான் பாட வேண்டும் என்பது இந்தக் காவியத்தின் நெறி.

இரண்டாவது கொங்கன்படை. பாலக்காட்டுச் சித்தூரின் பகவதி கோயிலில், சிவராத்திரி கழிந்த முதல் திங்கட்கிழமையில் நடக்கும் இந்த விழா, கொங்கு நாட்டிலிருந்து எல்லை கடந்துவந்த படையை அம்மன் துணையோடு சித்தூர் மக்கள் விரட்டியதன் நினைவு. வெளிப்படையாகச் சொன்னால், பொள்ளாச்சிப் பக்கத்து நம் முன்னோர்களை விரட்டிய வெற்றி விழா! ஆனால் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். வேலந்தாவளத்திலிருந்தும் கோபாலபுரத்திலிருந்தும் எல்லை தாண்டி வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் உண்டு. ஒரு காலத்தில் உயிரச்சமாக இருந்தது இன்று வாணவேடிக்கையாகிவிட்டது. காலம் கடந்ததால் மட்டும் அப்படி ஆகவில்லை என்று நினைக்கிறேன். விழாவில் கொங்கனின் பக்கத்தையும் சித்தூர்க்காரர்களே ஏற்று நிற்க வேண்டியிருக்கிறது. எதிரியின் வேடத்தை நம் வீட்டுப் பிள்ளை போட்டு ஆடும்போது, எதிரி என்பவன் முகமற்ற பூதமாக நீடிக்க முடிவதில்லை. பயங்கரவாதமும் அதற்கு எழும் வெறுப்பும் இரண்டுமே முகமற்ற எதிரியை நம்பித்தான் வாழ்கின்றன.

துயரத்தை ஆற்றுவதற்கும் ஒற்றுமையை உண்டாக்குவதற்கும் இடையே உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. தன்னவரோடு மட்டும் கூடி அழுதாலும் ஆறுதல் கிடைக்கும். கோவையின் இரு தரப்பாரும் இத்தனை ஆண்டுகளாக அதைச் செய்தே வருகிறார்கள். ஆனால் அதனால் ஒற்றுமை பிறப்பதில்லை. சில நேரங்களில் பிளவு இறுகுகிறது. தீவிரவாத இயக்கங்களும் பாட்டு எழுதுகின்றன, தம் சாவுகளை வீரகாவியமாக்குகின்றன. பழிக்குப் பழி கேட்கும் பாட்டுகளும் ஒலிபெருக்கியில் போடப்படுகின்றன. கலைக்குத் தானாக ஒரு நல்லொழுக்கம் கிடையாது. அவையில் யார் இருக்கிறார்கள், எவருடைய சாவுக்கு அங்கே இடம் இருக்கிறது என்பதே அதன் திசையை முடிவு செய்கிறது.

மட்டக்களப்பில் இதை நன்கு அறிந்தவர்கள் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட மண் அது. தமிழ் ஊர்களும் அடுத்தடுத்துப் படுகொலைகளைக் கண்டிருந்தன. இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் சேர்ந்து அமைத்த அந்தத் தோட்டத்துக்குத் தமிழ் ஊர்களின் குழந்தைகளும் முஸ்லிம் ஊர்களின் குழந்தைகளும் சேர்ந்தே வந்தார்கள். களிமண்ணில் உருவம் செய்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, அதே மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் குழந்தைகள் பலர் மாண்டனர். ஒரு தோட்டத்தால் அதைத் தடுத்திருக்க முடியாது. தடுப்பது அதன் வேலையும் அன்று. சிறுவயதில் சேர்ந்து களிமண் பிசைந்தவர்கள் அப்போது முப்பது வயதை நெருங்கியவர்களாக இரு ஊர்களிலும் இருந்தார்கள் என்பது மட்டும் உண்மை.

கலையின் பெயரால் செய்யப்படும் தவறுகளும் பதிவாகியிருக்கின்றன. உத்தொயாவுக்கு எதிர்க்கரையில் உள்ள நிலமுனையைக் குறுக்கே வெட்டிப் பிளந்து ஆறாத காயமாகக் காட்ட ஒரு நினைவுச்சின்னம் திட்டமிடப்பட்டது. வடிவமைப்பு உலகெங்கும் பாராட்டைப் பெற்றது. ஆனால் அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள், தாக்குதல் நடந்த அன்று தங்கள் சொந்தப் படகுகளில் போய்ப் பிள்ளைகளை நீரிலிருந்து தூக்கியவர்கள். ஒவ்வொரு காலையும் சன்னலைத் திறந்தால் அந்தக் காயம் கண்ணில் பட வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள். 2017இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. படகுத்துறையில் 77 வெண்கலத் தூண்களைக் கொண்ட வேறொரு நினைவிடம் 2022இல் திறக்கப்பட்டது. தீவுக்குள் இளைஞர் அமைப்பே எழுப்பிய கட்டடம் எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. துப்பாக்கிச் சூடு நடந்த பழைய உணவுக் கூடத்தின் பகுதியை இடிக்காமல் நடுவே வைத்து, அங்கே இறந்த 69 பேருக்கு 69 தூண்களையும், உயிர்பிழைத்த 495 பேருக்கு 495 மரக்கம்பங்களையும் அதைச் சுற்றி நிறுத்தினார்கள். பிழைத்தவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்த நினைவிடங்கள் அரிது.

சிகிச்சைக்கு மாற்றாகக் கலையை வைத்துவிடவும் கூடாது. ஓமாவில் பாடகர் குழுவோடு மனநல மருத்துவக் குழுவும் பணியாற்றியது. தொடர்ந்து கெட்ட கனவும் நடுக்கமும் உள்ளவர்களுக்கு முறையான உளவியல் சிகிச்சை அளிக்கப்பட்டது. கலைகளுக்கும் உடல்நலத்துக்குமான தொடர்பு குறித்து உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையும், கலையை மருத்துவத்தோடு இணைந்து செல்லும் துணையாகவே முன்வைக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் தாளும் வண்ணமும் கொடுத்து ‘நடந்ததை வரை’ என்று சொல்லி, அவர்கள் வரைந்த குருதிப் படங்களைக் கண்காட்சியாக மாட்டும் நல்லெண்ணக்காரர்களும் உண்டு. அந்தக் குழந்தை எதை வரைய விரும்பியது என்று கேட்டிருந்தால் மாம்பழமோ ரயிலோ வந்திருக்கக்கூடும்.

தமிழக கேரள எல்லைப் பகுதியில் பயங்கரவாதம் பழங்கதை அன்று. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய விடியலில், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பாகக் கார் வெடித்து அதை ஓட்டிவந்தவர் இறந்தார். 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரில் கேரளத்தவரும் ஆந்திரத்தவரும் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்லையிலுள்ள வாளையாரில் வண்டிகள் வரிசையாக நிற்கும், பெயரைக் கேட்டுப் பார்வை மாறும். 2022 வெடிப்புக்குப் பின் ஜமாத் நிர்வாகிகள் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கே சென்று அங்குள்ளவர்களைச் சந்தித்தார்கள். 1998இல் நினைத்துப் பார்க்க இயலாத காட்சி அது. 24 ஆண்டுகளில் ஊர் எதையோ கற்றிருக்கிறது.

அந்தச் சந்திப்பு ஒரு பகலோடு முடிந்தது. அதற்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு வடிவம் கிடைக்க வேண்டுமானால் பொருள்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. கூனத்தறைப் புலவர் குடும்பத்தார் பாவைக்கூத்தை மரபான கதைக்கு வெளியே காந்தியின் வாழ்க்கைக்கும் கொண்டுசென்று காட்டியிருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசும் பாலக்காட்டு ராவுத்தர்களும் கோட்டைமேட்டு முஸ்லிம்களும் கொங்கு வேளாளர்களும் ஒரே உடுக்கையோசைக்கும் பக்கீர்கள் தாயிரா என்னும் பறையைத் தட்டிப் பாடும் ஒரே இசைக்கும் காது பழகியவர்கள். குறைவது அழைக்கும் கை. கட்சிக்கொடி இல்லாத, கோயில் திடலோ பள்ளிவாசல் முற்றமோ அல்லாத ஓர் இடம் வேண்டும். கோவையின் பஞ்சாலைகள் பல மூடிக் கிடக்கின்றன. இரு தரப்பின் தாத்தாக்களும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த அந்த முற்றங்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

மிகக் கடினமானது மேடையோ பாட்டோ அன்று, பெயர்ப்பட்டியல். 1997 நவம்பரில் குத்திக் கொல்லப்பட்ட காவலர், அதைத் தொடர்ந்த நாட்களில் இறந்த 18 பேர், பிப்ரவரியில் இறந்த 58 பேர் என எல்லோருடைய பெயர்களையும் ஒருசேர வாசிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஓமாவில் நினைவிடக் கல்வெட்டில் கொலையாளிகளை எப்படிக் குறிப்பிடுவது என்பதிலேயே பெரும் சர்ச்சை எழுந்து, தனிக்குழு ஒன்று அமர்ந்துதான் தீர்க்க வேண்டியிருந்தது. கோவையில் அதற்கு முன்பே, பெயர்களைத் தேதி வரிசையில் வாசிப்பதா அகர வரிசையிலா என்ற கேள்வியில் பேச்சு முறியக்கூடும். தேதி வரிசையில் வாசித்தால் யார் தொடங்கினார்கள் என்ற பழைய வழக்கு உடனே உயிர்பெறும். அகர வரிசையில் வாசித்தால் இரு சமூகத்துப் பெயர்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டாவதை எதிர்ப்பவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களில் சிலர் அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் சொந்தப் பிள்ளைகளாகவும் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் வேறு யாரும் அந்த வரிசையை முடிவு செய்துவிட முடியாது.